நீ ஓட்டை போட்ட தோங்குகள்

போன வாரம் நான் வேலை பார்க்கும் பாய் கடையின் பின்கட்டுக்கு ஒரு நீலத் தோங்கை உருட்டிக்கொண்டு வந்தார்கள். இடுப்பளவு உயரம், தடித்த பிளாஸ்டிக், இறுக்கமான மூடி. எலுமிச்சை ஊறுகாய் போட்டு வைக்கவாம். பழைய சாமான் விற்பவனிடம் மலிவாகக் கிடைத்ததாம். நான் மூடியைத் திறந்து முகத்தை உள்ளே விட்டேன். முதலில் சோப்பு வாசம். அதற்கு அடியிலிருந்து, தொண்டையைச் சுரண்டிக்கொண்டு அந்த இன்னொரு நெடி வந்தது.

“பாய், இதுல ஊறுகா போடாதீங்க. இது தோட்டத்துக்கு விஷம் வந்த தோங்கு.”

“வெந்நி ஊத்திக் கழுவியாச்சும்மா. பாரு, கண்ணாடி மாதிரி இருக்கு.”

“கழுவுனா போகாது பாய்.”

அவர் என்னைப் பார்த்தார், தோங்கைப் பார்த்தார். பதினைந்து மேசை போட்டு ஈப்போவில் கடை நடத்துகிறவர். மீன்தலைக் கறியில் ஒரு சிட்டிகை புளி கூடினால் கண்டுபிடித்துவிடுவார், ஆனால் இதை அவருக்கு யாரும் சொன்னதில்லை. குனிந்து மோந்து பார்த்தார். முகம் சுளித்தார். “சரி, வெளிய போட்டுரு” என்றார். வெளியே போட்டால் வேறு யாராவது எடுத்துப் போவார்கள். தேங்காய் வெட்டும் கத்தியை எடுத்து, அடியில் ஒரு குத்து, பக்கத்தில் ஒரு குத்து. அந்தக் குத்து என்னுடையது இல்லை, உன்னுடையது என்று அப்போது தோன்றியது. அன்றிலிருந்து எழுத வேண்டும் என்றிருந்தேன், இன்றைக்குத்தான் உட்கார்ந்தேன்.

உனக்கு நீளமான கடிதம் பிடிக்காது. உன் அண்ணன் ஹுத்தான் மெலிந்தாங் ஊரிலிருந்து பக்கம் பக்கமாக எழுதினால் என்னிடம் நீட்டி, “சாரத்த மட்டும் சொல்லு தெய்வான” என்பாய். இந்த ஒரு கடிதத்தை மட்டும் பொறுத்துக்கொள். நீ கண்ணை மூடி இன்னும் ஒரு தீபாவளிகூட வரவில்லை.

நாம் இருவரும் ஒரே கும்பலில் மருந்தடித்தோம். அப்படித்தான் அப்போது சொல்வோம். ரப்பர் மரங்களுக்கு இடையே முளைக்கும் புல்லைக் கருக்குகிற அந்தத் தண்ணீரைத் தோட்டத்தில் எல்லாரும் மருந்து என்றுதான் சொன்னார்கள். பம்பை முதுகில் மாட்டினால் அடைப்பு சரியில்லாமல் வழிந்து இடுப்புவரை நனையும். புருஷனின் நீளக்கைச் சட்டை, தலையில் துண்டு, காலில் ஒன்றும் இல்லை. உன் நகங்கள் கறுத்துக் கழன்றன. எனக்கு மூக்கில் ரத்தம் வரும். யாரிடம் சொன்னாலும் ஒரே பதில்தான்: “உடம்பு சூடு. எளநி குடி.” நாமும் இளநீர் குடித்தோம். நீ கழன்ற நகத்தைப் பார்த்து, “மருதாணி போடுற செலவு மிச்சம்” என்று சிரிப்பாய். உன் சிரிப்பு அடுத்த நிரையில் இருப்பவர்களையும் திரும்பிப் பார்க்க வைக்கும்.

மருந்து தீர்ந்த காலித் தோங்குகளுக்குத் தோட்டத்தில் இருந்த மதிப்பை இப்போது சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். நம் லயத்து வரிசை வீடுகளுக்கான குழாயில் காலையிலும் மாலையிலும் கொஞ்ச நேரம்தான் தண்ணீர் வரும். தோங்கு வைத்திருக்கிறவன் பணக்காரன். மேற்பார்வை பார்க்கும் மண்டோர், தனக்குப் பிடித்தவர்களுக்குத்தான் கொடுப்பார். சாம்பலும் சோப்பும் போட்டுத் தேய்த்துக் கழுவி, குடிக்கிற தண்ணீரை அதில்தான் நிரப்புவோம். ஒரு கல்யாணத்தில் சந்தனப் பொட்டு வைத்துச் சீராகவே கொடுத்தார்கள். நீயும் நானும் அந்தக் கல்யாணத்தில் சாப்பிட்டோம்.

உன் வீட்டுக்கு ஒரு தோங்கு வந்தபோது நீ அதை அரை நாள் தேய்த்தாய். நான் பார்த்தேன், அதனால்தான் இதை எழுதுகிறேன். மறுநாள் வேலை முடிந்து வந்தபோது உன் மகள் செல்வி வாசலில் உட்கார்ந்து அழாமல் எச்சில் துப்பிக்கொண்டிருந்தாள். குனிந்து பார்த்தால் உதடும் நாக்கும் வெந்துபோயிருந்தன. விளையாடிவிட்டு வந்து தோங்கிலிருந்து அள்ளிக் குடித்திருக்கிறாள். தோட்டத்து லாரியில் ஈப்போ ஆஸ்பத்திரிக்குப் போனோம். வழி முழுக்க நீ பிள்ளையின் வாயைத் துடைத்துக்கொண்டே வந்தாய்.

அங்கே ஒரு மலாய்த் தாதி கேட்டாள், “ஆப்பா ராச்சுன்?” என்ன விஷம் என்று.

நீ பதறிப்போய், “ராச்சுன் இல்ல மிஸ்ஸி. ஊபாட். புல்லுக்கு அடிக்கிற ஊபாட்” என்றாய். விஷம் இல்லை, மருந்து என்று.

அவளுக்குப் புரியவில்லை. பிள்ளையைப் பார்த்தாள், உன் நகங்களைப் பார்த்தாள். கோபமே இல்லாமல் மெதுவாகச் சொன்னாள், “ஈத்து ராச்சுன்லா, காக்.” அது விஷம்தான், அக்கா.

டாக்டரும் வந்தார். எவ்வளவு கழுவினாலும் அந்தத் தோங்கில் தின்கிற, குடிக்கிற பொருளை வைக்கக் கூடாது, ஓட்டை போட்டுப் புதைக்க வேண்டும் என்று உட்கார்ந்து பொறுமையாகச் சொன்னார். செல்வி கொஞ்சம்தான் குடித்திருந்தாள். பிழைத்துக்கொண்டாள். வெகுநாள் கஞ்சி மட்டுமே இறங்கியது. குரல் மட்டும் பழையபடி திரும்பவில்லை.

அவளைக் கூட்டிக்கொண்டு பஸ்ஸில் திரும்பும்போது நீ கேட்டாய்: “தெய்வான, நம்ம மட்டும் ஏன் இத மருந்துங்கிறோம்? மலாய்க்காரங்க விஷம்னு சொல்றாங்க. தோங்குல மண்டையோடு போட்டிருக்கு. நம்ம மட்டும் மருந்துங்கிறோம். மருந்துன்னா பிள்ளைக்குக் குடுக்கிறதுலா.”

வீட்டுக்குப் போனதும் தோங்கை வாசலுக்கு இழுத்து வந்து பாராங் கத்தியால் பிளந்தாய். உன் வீட்டுக்காரர், “இனி தண்ணிய எதுல வைக்கிறது?” என்று கத்தினார். “கையில வைப்போம்” என்றாய்.

ஆனால் லயம் பேசியது வேறு. குழாயடியில் நீ நிற்பது தெரியாமல் ஒருத்தி சொன்னாள், “ஒழுங்கா கழுவியிருந்தா பிள்ளைக்கு இப்படி ஆவுமா? சோம்பேறி.” நான் திரும்பி உன் முகத்தைப் பார்த்தேன். நீ அழுவாய் என்று நினைத்தேன். நீ வாளியைக் கீழே வைத்தாய், முந்தானையை இடுப்பில் செருகினாய். அன்றைக்கு ஆரம்பித்தது.

ஒவ்வொரு வீடாகப் போனோம். நீ பேச, நான் பக்கத்தில் நிற்க. “செல்விக்கு ஆனது உன் பிள்ளைக்கு ஆவக் கூடாதுன்னுதான் வந்தேன்” என்று தொடங்குவாய். சிலர் உட்காரச் சொல்லிக் கோப்பி கொடுத்தார்கள். அந்தக் கோப்பித் தண்ணீரும் தோங்கிலிருந்து எடுத்ததுதான். நீ குடிக்காமல் வைத்துவிட்டு எழுந்தால் கோபித்துக்கொண்டார்கள். நம் கும்பலிலேயே இருந்த அஞ்சலை மட்டும் நேராகக் கேட்டாள்.

“எங்க வீட்டுல இத்தன வருஷமா இதுலதான் தண்ணி. யாரு செத்தா?”

“செத்தாத்தான் நம்புவியா?”

“நம்புறேன்னே வையி. தோங்க எடுத்துட்டா தண்ணிக்கு எங்க போறது? வேலைக்குப் போற நேரத்துல குழாயில தண்ணி வருது. நீ வந்து எனக்குப் புடிச்சு வைப்பியா?”

திரும்பி நடக்கும்போது நான் அஞ்சலையைத் திட்டினேன். நீ தடுத்தாய். “அவ கேட்டது நியாயம். விஷத்த விடுன்னு சொல்றோம், தண்ணிக்கு வழி சொல்லல. நம்ம பாதிதான் பேசுறோம்.” அந்த மீதிப் பாதியைத் தேடித்தான் நீ அதற்குப் பிறகு அலைந்தாய். மண்டோரிடம் போனாய். “தண்ணி காலையிலயும் சாயந்தரமும் வருதில்ல? இன்னும் என்ன சூசா, என்ன கஷ்டம் உனக்கு?” என்று அனுப்பிவிட்டார்.

பிறகு திருவிழா வந்தது. மண்டோர்தான் கோயில் தலைவரும். தீமிதிக்கு வரும் சனத்துக்குக் கொடுக்கப் பந்தலில் மோர் கரைத்து வைப்பார்கள். எதில் என்று நீ முதல்நாளே விசாரித்துவிட்டு அவரிடம் போய்ச் சொன்னாய். “மஞ்சத்தண்ணி தெளிச்சாச்சு. ஆத்தா பாத்துக்குவா. நீ போய் உன் வேலையப் பாரு” என்றார். ஒரு பெரிய அண்டாவாவது சீனன் கடையிலிருந்து இரவல் வாங்கலாமே என்று கேட்டாய். சிரித்தார்.

மறுநாள் நண்பகல், சரியான வெயில். பிள்ளைகள் பந்தலில் முண்டியடித்தார்கள். நீ கூட்டத்தை விலக்கிக்கொண்டு போனாய். நான் உன் பின்னால் வந்தேன். நீ என்ன செய்யப் போகிறாய் என்று என்னிடம்கூடச் சொல்லவில்லை. தோங்கின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்து உன் உடம்பு முழுக்கச் சாய்த்தாய். மோர் செம்மண்ணில் ஓடியது. கறிவேப்பிலையும் மிளகாயும் எல்லார் காலிலும் ஒட்டின. அடுத்த தோங்கையும் சாய்த்தாய். மேளம் நின்றுவிட்டது.

“இது விஷம் வந்த தோங்கு” என்றாய். அவ்வளவு சத்தமாக நீ பேசி நான் கேட்டதில்லை. “பிள்ளைங்க இதுல குடிக்கக் கூடாது. இதுக்கு என்னய அடிக்கணும்னா இப்பவே அடிங்க.”

“இவள தஞ்சோங் ரம்புத்தானுக்குத்தான் அனுப்பணும்!” என்று எவனோ கத்தினான். அங்கேதான் பெரிய பைத்தியக்கார ஆஸ்பத்திரி. நம் பக்கத்தில் ஒருவரை ஏசுவதற்கு அந்த ஊர்ப்பெயரே போதும். கூட்டம் சிரித்தது. மண்டோர் கையை ஓங்கினார். சாமி முன்னால் வேண்டாம் என்று யாரோ பிடித்துக்கொண்டார்கள். உன் வீட்டுக்காரர் தலையைக் குனிந்துகொண்டு கூட்டத்திலிருந்து போய்விட்டார். நீ அசையவில்லை. ஆனால் நீ பார்க்காத ஒன்றை நான் பார்த்தேன். பந்தலின் ஓரத்தில் நின்றிருந்த அஞ்சலை, தன் மகன் கையிலிருந்த தம்ளரை வாங்கி, மெதுவாகத் தரையில் ஊற்றினாள்.

கோயிலுக்குள் நீ வரக் கூடாது என்றார்கள். குழாயடியில் உனக்கு இடம்விட்டுத் தள்ளி நின்றார்கள். அது மரியாதை இல்லை. உன் வீட்டுக்காரர் பல நாள் உன்னோடு பேசவில்லை. பிறகு ஒரு சனிக்கிழமை, இரண்டு தகர வாளிகளை வாங்கிக்கொண்டு வந்து வாசலில் வைத்தார். அதற்கப்புறம் வேலைக்குக் கிளம்புமுன் அவரே தண்ணீர் பிடித்து வைப்பார். இதை நீ என்னிடம் சொன்னபோதுதான் முதல் தடவையாக அழுதாய்.

அடுத்து நீ செய்ததைத்தான் என் பேரப்பிள்ளைகளுக்கும் சொல்லப் போகிறேன். ரப்பர்க் காட்டில் மருந்து கலக்கி முடித்து ஒரு தோங்கு காலியானது. மண்டோர் எடுத்துப் போக வந்தார். நீ இடுப்பிலிருந்த பாராங்கை உருவி அதன் அடிவயிற்றில் குத்தினாய். ஒரு குத்து, இன்னொரு குத்து. “இந்தாங்க, இப்பக் கொண்டு போங்க” என்றாய். அவர் கத்திய கத்தலில் மரத்திலிருந்த பறவையெல்லாம் பறந்தது. மறுநாள் காலைப் பெரட்டில், அந்த நாளின் வேலையைப் பிரித்துக் கொடுக்கிற இடத்தில், உன் பெயரை நம் கும்பலிலிருந்து எடுத்துக் கான் வெட்டுகிற வேலைக்குப் போட்டார். சகதியில் நின்று வாய்க்கால் வெட்டுவது. சம்பளமும் குறைவு. தலையை ஆட்டிவிட்டு மண்வெட்டியை எடுத்துக்கொண்டு போனாய். போகும்போது என்னைத் திரும்பிப் பார்த்தாய்.

அன்றைக்கும் ஒரு தோங்கு காலியானது. நீ இல்லை. எல்லாப் பெண்களும் பம்பை இறக்கிவைத்துவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தோம். மண்டோர் தூரத்திலிருந்து வந்துகொண்டிருந்தார். நான் எழுந்தேன். கத்தி பிளாஸ்டிக்கில் வழுக்கியது, இரண்டாவது குத்தில்தான் இறங்கியது. அவர் வந்து சேர்ந்து, “உன் பேரையும் எடுக்கவா?” என்றார். அப்போது அஞ்சலை என் கையிலிருந்த கத்தியை வாங்கினாள். ஓட்டை விழுந்த தோங்கிலேயே இன்னொரு ஓட்டை போட்டாள். பிறகு அடுத்தவளிடம் நீட்டினாள். கத்தி கும்பல் முழுக்கச் சுற்றிவந்தது. கடைசியில் அந்தத் தோங்கு சல்லடை மாதிரி ஆகிவிட்டது. நாங்கள் சிரிக்கத் தொடங்கினோம். மண்டோருக்கு யார் பெயரை எடுப்பது என்று தெரியவில்லை.

மறுநாள் பெரட்டுக்குத் தொரையே வந்தார். தோட்டத்து மேனேஜரை அப்படித்தான் சொல்வோம். கம்பெனி சாமானை ஏன் உடைக்கிறீர்கள் என்று கேட்டார். கணக்கெழுதும் கிராணி அதைத் தமிழில் சொன்னார். யாரும் பம்பைத் தொடவில்லை. அஞ்சலைதான் வாயைத் திறந்தாள். “காலித் தோங்குதானேங்க. காலியானது யாருக்கு வேணும்?”

அதற்குள் நீ கானிலிருந்து வந்துவிட்டாய். முழங்கால்வரை சேறு. கூட்டத்துக்குப் பின்னால் நின்றே பேசினாய்.

“தொர, தோங்கு எங்களுக்கு வேண்டாம். தண்ணி குடுங்க. லயத்துக்கு ஒரு தொட்டி கட்டிக் குடுங்க. தோங்க ஸ்டோர்லயே ஓட்ட போட்டுருங்க. பிறகு நாங்க ஏன் உடைக்கிறோம்?”

அவர் பார்க்கலாம் என்றார். “பாருங்க, நாங்க இருக்கோம்” என்று நீ தரையில் உட்கார்ந்தாய். நாங்களும் உட்கார்ந்தோம். வெயில் ஏறியது. கிராணி இங்கும் அங்கும் நடந்தார். புல் வளர்ந்தால் தொரைக்குத்தான் தலைவலி என்பது எல்லாருக்கும் தெரியும். மத்தியானத்துக்கு முன்பு தொட்டிக்கு ஒத்துக்கொண்டார். மழைக்காலம் வருவதற்குள் லயத்தின் இரண்டு கோடியிலும் சிமெண்டுத் தொட்டிகள் நின்றன. காலித் தோங்குகள் ஸ்டோரிலேயே ஓட்டையாகி வெளியே வந்தன.

எல்லாமே நாம் நினைத்தபடி ஆகிவிடவில்லை. கையுறை கொடுத்தார்கள், கிழிந்ததும் வேறு கொடுக்கவில்லை. பம்பு வழிவது நிற்கவில்லை. மண்டோர் உன்னைக் கடைசிவரை கானிலேயே வைத்திருந்தார். கேட்டால், “கான்ல மூச்சு நல்லா வருது” என்பாய். ஆனால் வார்த்தை மாறிவிட்டது. முதலில் கிண்டலுக்கு, “விஷம் அடிக்கப் போறியா?” என்று கேட்டுக்கொண்டார்கள். பிறகு கிண்டல் போய் வார்த்தை நின்றது. பிள்ளைகள் ஸ்டோர் பக்கம் போனால் தாய்மார்கள், “அங்கன விஷம் இருக்கு, வா இங்க” என்று கூப்பிட்டார்கள். அதே தாய்மார்கள்தான்.

மறுவருடத் திருவிழாவில் அலுமினிய அண்டாக்களில் மோர் இருந்தது. உன்னை யாரும் கூப்பிடவில்லை. நீயும் போகவில்லை. அஞ்சலைதான் ஒரு தம்ளர் மோரை முந்தானையால் மூடிக்கொண்டு உன் வாசலுக்கு வந்தாள். நீ வாங்கிக் குடித்தாய். உதட்டைத் துடைத்துக்கொண்டு, “உப்பு பத்தல” என்றாய். அவள் சிரித்துக்கொண்டே உள்ளே வந்து உட்கார்ந்தாள்.

பிறகு தோட்டம் கைமாறியது. ரப்பரை வெட்டிவிட்டு எண்ணெய்க்காகச் செம்பனை நட்டார்கள். நாம் ஆளுக்கொரு பக்கம் ஈப்போவுக்கு வந்தோம். எனக்குப் பாய் கடை, உனக்கு ஒரு துணிக்கடையில் கூட்டிப் பெருக்குகிற வேலை. ஞாயிற்றுக்கிழமைகளில் காய்கறி வாங்கும் பாசாரில் பார்த்துக்கொள்வோம். மெல்ல மெல்ல நீ பேச்சை நடுவில் நிறுத்தி மூச்சு வாங்கத் தொடங்கினாய். மாடிப்படி ஏறினால் உட்கார்ந்துவிடுவாய். ஆஸ்பத்திரியில் இளம் டாக்டர் ஒருவர், தமிழ்ப் பையன், “முன்ன என்னம்மா வேலை பாத்தீங்க?” என்று கேட்டார். “தோட்டத்துல விஷம் அடிச்சேன், தம்பி” என்றாய். அவர் நிமிர்ந்து பார்த்தார். அதனால்தான் இது வந்தது என்று அவர் சொல்லவில்லை. நீயும் கேட்கவில்லை. கடைசி நாட்களில் செல்வி தைப்பிங்கிலிருந்து வந்து பக்கத்தில் இருந்தாள். கரகரத்த குரலில் அவள் உன்னைக் கூப்பிடும்போதெல்லாம் நீ கண்ணைத் திறந்தாய்.

உன்னை எடுத்துப்போன அன்று தோட்டத்துப் பெண்கள் நிறையப் பேர் வந்திருந்தார்கள். மண்டோரும் வந்திருந்தார், வயதாகி, மகனின் தோளைப் பிடித்துக்கொண்டு. கொஞ்ச நேரம் உன் காலடியில் நின்றார்.

இப்போதைய சேதி ஒன்று சொல்லி முடிக்கிறேன். எங்கள் வீடுகளுக்குப் பின்னால் ஒரு கொட்டகையில் பழைய மின்சார வயர்களை எரித்துச் செம்பு எடுக்கிறார்கள். சாயங்காலமானால் கறுப்புப் புகை. பிள்ளைகள் இருமுகிறார்கள். “அது அவன் பொழப்பு, விடு” என்கிறார்கள் அக்கம்பக்கத்தில். “ஜன்னல சாத்திக்கோ” என்கிறார்கள். எதிர்வீட்டு மலாய்க்கார அம்மா மக்சிக்கிடம் பேசினேன். மூலைவீட்டுச் சீனத்தியிடமும் பேசினேன். அவளுக்கு என் மலாய் பாதிதான் புரியும், எனக்கு அவளுடையது அதிலும் பாதி. புகை மூன்று பேருக்கும் புரிந்தது.

நேற்று நாங்கள் மூவரும் கொட்டகைக்குப் போனோம். கொட்டகை முதலாளி தவுக்கே எங்களை மேலும் கீழும் பார்த்தார். “யாரு அனுப்புனா உங்கள?” என்று கேட்டார். நான் எப்போதும் உன் பக்கத்தில் நின்றவள்தானே, முன்னால் நின்று பேசியவள் இல்லை. இருந்தாலும் வாய் வந்தது. “யாரும் அனுப்பல தவுக்கே. வீட்டுக்குள்ள புகை வருது, அதான் நாங்களே வந்தோம். எரிக்காம உரிச்சு எடுங்க. இல்லன்னா வேற எடம் பாருங்க” என்றேன். அவர் சிகரெட்டை அணைத்தார். இன்றைக்கு நேரமில்லை, நாளைக்கு வாருங்கள் என்றார். வரமாட்டோம் என்று நினைத்துத்தான் அப்படிச் சொன்னார்.

மக்சிக் வேலையை முடித்துவிட்டு வந்துவிட்டாள், வாசலில் செருப்புச் சத்தம் கேட்கிறது. சீனத்தி குடையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள். நான் இதை மடித்து வைத்துவிட்டுக் கொட்டகைக்குப் புறப்படுகிறேன்.